பூசணிக்கு நாள் குறிக்க நீ யார்?

என் மகன் எபனேசருக்கு,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு உன் விலாசத்துக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீ முதல் நாலு வரியைப் படித்துவிட்டு, ‘அம்மாவுக்குப் பொழுது போகவில்லை’ என்று அரைக்கால் சட்டைப் பையில் திணித்துக்கொள்வாய். மீதியைத் துணி வெளுக்கிறவள்தான் படிப்பாள். அதனால்தான் நம் சபைப் பத்திரிகையில் அச்சுப்போடக் கொடுத்தேன். அதுவுமல்லாமல், நம் வீட்டு நாய் சாகலாமா இருக்கலாமா என்பதைப் பற்றிச் சித்தூர் மிஷன் காம்பவுண்டில் அபிப்பிராயம் சொல்லாத வாய் ஒன்றுகூட இல்லை. வழக்கை எல்லாரும் கேட்டாயிற்று, பதிலையும் எல்லாரும் கேட்கட்டும். பத்திராதிபர் முதலில், “டீச்சரம்மா, இது குடும்ப விஷயமாச்சே” என்று நெளிந்தார். “போன மாசம் உங்க மச்சானுக்கு மூலம் சொஸ்தமானதுக்கு அரைப் பக்கம் ஸ்தோத்திரம் போட்டீங்களே, அது இன்னா ஊர் விஷயமா?” என்று கேட்டேன். இடம் கிடைத்துவிட்டது.

நீ எழுதியது நல்ல கடிதந்தான். எழுத்துப் பிழை இல்லை. திருப்பதி மாட்டாஸ்பத்திரியில் டாக்டராயிருக்கும் நீ, உன் கல்யாணத்துக்கு முந்தின வியாழக்கிழமை சித்தூருக்கு வந்து, குளோரோபாரம் கொடுத்து, பூசணியை ‘வலியில்லாமல் தூங்க வைத்துவிடுவதாக’ எழுதியிருந்தாய். வரிக்கு வரி கருணை. அந்தக் கருணைக்குக் கீழேயே பந்தல் வந்தது, வீட்டில் வீசும் நாற்றம் வந்தது, பெண் வீட்டாரின் நாசூக்கு வந்தது. நான் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் சொல்லுகிறவள். பிள்ளைகள் எதைச் சொல்லிவிட்டு எதைக் கேட்க வருகிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் மிஷனில் எனக்குச் சம்பளம். வயிற்றுவலி என்று தொடங்குகிற பையன் வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாதவன். கருணை என்று தொடங்குகிற நீ மாமனாருக்குப் பயந்தவன்.

பூசணியை அறியாத புது வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், நீ பொறுத்துக்கொள். நீ ஹைஸ்கூலில் சேர்ந்த வருஷத்து அறுப்பின் பண்டிகை அது. விளைந்ததையெல்லாம் கோயிலுக்குக் கொண்டுவந்து பலிபீடத்தின் முன் குவித்து, போதகர் ஜெபம் பண்ணி ஒப்புக்கொடுத்து, பிறகு முற்றத்தில் ஏலம் விடுவது வழக்கமல்லவா? மிஷன் துரைசானி தோட்டத்திலிருந்து ஒரு கூடை பூசணிக்காய் வந்திருந்தது. போதகர் அன்றைக்கு அதிவிருஷ்டி, அநாவிருஷ்டி, வெட்டுக்கிளி, கலெக்டர் என்று எல்லாவற்றுக்காகவும் நீளமாக ஜெபித்தார். சபை முழுவதும் கண்ணை மூடிக்கொண்டிருந்தது, பாதிப்பேர் தூங்கியும் விட்டார்கள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், கூடைக்குள் இரண்டு காய்களுக்கு நடுவே மூன்றாவது காய் கொட்டாவி விடுகிறது. துரைசானியின் சடை நாய்க்கும் நம் பஜார் நாய் ஒன்றுக்கும் பிறந்த குட்டி. கூடையோடு வந்ததா, நடுவில் ஏறிக்கொண்டதா, ஒருவருக்கும் தெரியாது. துரைசானி சிரித்துக்கொண்டு எடுக்கப் போனாள். சபை மூப்பர் ஆசீர்வாதம் குறுக்கே வந்து, “ஆமென் சொல்லும்போது பீடத்துக்கு முன்னால இருந்ததெல்லாம் கர்த்தருதும்மா, ஏலத்துக்குத்தான் போவணும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரரான உன் நைனாவும் உபதேசியாரும் அந்தக் காலத்தில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஒருவர் கேட்டால் மற்றவர் ஏற்றிக் கேட்பார். முந்தின வருஷம் அப்படித்தான் ஒரு எலுமிச்சம்பழத்தை உன் நைனா ஒரு வெள்ளாட்டின் விலைக்கு எடுத்துவந்தார். இந்த வருஷம் குட்டி. என்ன விலை என்று சொல்லமாட்டேன், அந்த வருஷம் எனக்குப் பண்டிகைப் புடவை கிடையாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் வாசலிலேயே வழிமறித்து, “ஒண்ணு அது இந்த ஊட்ல இருக்கும், இல்ல நான் இருப்பேன்” என்றேன். இன்றைக்கும் இரண்டு பேரும் இருக்கிறோம்.

இருக்கிறோம் என்றால் எந்த லட்சணத்தில் என்றும் சொல்ல வேண்டும். அவளுக்குக் கண் வெள்ளை பாய்ந்துவிட்டது. எனக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் நடவு எது, களை எது என்று தெரியாது. அவளுக்குப் பின்னங்கால் இரண்டும் இழுக்கின்றன. நான் சங்கீதம் பாட எழுந்திருப்பதற்குள் கோயிலில் மூன்றாம் சரணம் முடிந்துவிடுகிறது. வயிற்றில் ஒரு கட்டி, மாங்காய் அளவுக்கு. சிறுநீர் நிற்பதில்லை. தூங்குகிற இடத்திலேயே நனைத்துவிடுகிறாள். தான் குடித்த டம்ளரை நகர்த்தி வைத்தறியாத உன் நைனா, தினமும் அவளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் வேலியோரம் நிறுத்தி, விழாமல் பிடித்துக்கொள்கிறார். யாராவது பார்த்துவிட்டால், முருங்கையில் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் அண்ணாந்துகொள்கிறார். தபால்காரர் வந்தால் இவள் இன்னும் குரைக்கிறாள். அவர் வாசலில் நிற்க, இவள் கொல்லைப்பக்கம் பார்த்துக் குரைக்கிறாள், அவ்வளவுதான். வாசனை வீசுகிறது, இல்லையென்று சொல்லவில்லை. இன்னும் பத்து வருஷத்தில் என்னைப் பற்றி நீ யாருக்கு என்ன எழுதுவாயோ என்று நினைத்தால்தான் எனக்கு உடம்பு கூசுகிறது.

உன் கடிதம் வந்த சேதி காம்பவுண்டில் பரவியதும் மூப்பர் ஆசீர்வாதம் குடையோடு வந்து உட்கார்ந்துகொண்டார். உனக்கு ஆதரவாக வந்தார் என்று சந்தோஷப்படாதே, உனக்கும் விரோதமாகத்தான் வந்தார்.

“டீச்சரம்மா, கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்த ஜீவன் அது. அதை எடுக்கறதுக்கு உங்களுக்கும் பாத்தியம் இல்ல, உங்க புள்ளைக்கும் இல்ல. தானா போவணும். எத்தினி நாளானாலும் சரி.”

“போன பண்டிகைல ஒரு சேவலை ஒப்புக்கொடுத்து ஜெபம் பண்ணாங்களே மூப்பரே, அதை ஏலத்துல எடுத்தது யாரு?”

“நாந்தான்.”

“எடுத்துக்கினு போய் இன்னா பண்ணீங்க? சங்கீதம் பாட வெச்சீங்களா?”

மூப்பர் குடையை எடுத்துக்கொண்டார். “அது வேற, இது வேற” என்று படியிறங்கும்வரைக்கும் சொல்லிக்கொண்டேதான் போனார். எப்படி வேறு என்று அவரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நானும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஏனென்றால் தம்பி, ‘தானாகப் போகட்டும்’ என்கிற கட்சியிலும் நான் இல்லை. நீவா நதிக்கரையில் ஜட்கா குதிரை ஒன்று கால் முறிந்து கிடந்ததை நீ மறந்திருக்கலாம், கைக்குழந்தையாக என் இடுப்பில் இருந்தாய். பாவம் சேரும் என்று வண்டிக்காரன் யாரையும் கிட்டே விடவில்லை. குதிரையின் முகத்தில் ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டு, தான் போய் மரத்தடியில் உட்கார்ந்து அழுதான். பள்ளிக்கூடம் போகும்போது அது தலையை மண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போதும் அடித்துக்கொண்டிருந்தது. அந்த மனிதனுக்குப் பாவம் சேரவில்லை, அதற்காகக் குதிரை அவ்வளவும் பட்டது. அன்றையிலிருந்து, கொல்லவே கூடாது என்று யார் உபதேசம் பண்ணினாலும் எனக்கு அந்தச் சாக்குதான் ஞாபகம் வருகிறது. ஆகையால் நான் உன்னோடு சண்டை போடுவது குளோரோபாரத்துக்காக அல்ல, வியாழக்கிழமைக்காக. அவள் வலிக்கு ஒரு நாள் குறித்தால் நான் தலைவணங்குவேன். உன் பந்தலுக்காக ஒரு நாள் குறித்தால், பெற்றவளாயிருந்தாலும் எதிரே நிற்பேன்.

அதனால்தான் அன்றைக்கு உன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றேன். உன் மாமனாராகப் போகிறவர் ரயில் கார்டாக வருகிற வண்டி எது என்று விசாரித்துக்கொண்டு, அதற்கே ஸ்டேஷனுக்குப் போனேன். நாய்க்கு டிக்கெட் வாங்கினால் கார்டின் பிரேக் வேனில் இருக்கும் நாய்ப்பெட்டியில் அடைக்க வேண்டும் என்பது ரயில்வே சட்டம். சம்பந்தி தேவதாஸ் வெள்ளை டிரில் கோட்டும் கண்ணாடி மாதிரி மின்னுகிற பூட்ஸுமாக இறங்கி நின்றவர், என்னையும், என் இடுப்பில் கோணிக்குள் சுருண்டு கிடந்தவளையும் பார்த்ததும், ஊதப்போன விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

“சம்பந்தியம்மா! இன்னாம்மா இது?”

“பாசஞ்சர். டிக்கெட் கீது.”

“டிக்கெட் சரி, பெட்டியில வுடணுமே.”

பெட்டியைக் குனிந்து பார்த்தேன். இருட்டான இரும்பு அலமாரி. “இவளுக்குக் கால் நீட்ட முடியாது சம்பந்தி. வேணும்னா ஒண்ணு பண்ணலாம். நீங்க அதுக்குள்ள போய் குந்துங்க, இவ உங்க நாக்காலில வரட்டும்.”

டிரைவர் கூவு கொடுத்துவிட்டார். தர்க்கம் பண்ண நேரமில்லை. என்னையும் அவளையும் ஏற்றிக்கொண்டு, யாராவது கேட்டால் எனக்கு மயக்கம் வந்ததாகச் சொல்லும்படி என்னிடமே கெஞ்சிவிட்டுக் கொடியை அசைத்தார். வெற்றிலைக் கூடைகளுக்கும் தபால் மூட்டைகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, வண்டி நகர்ந்ததும் நேரே கேட்டேன். “எங்க நாயைக் கொல்லச் சொல்லி மாப்பிள்ளைக்குச் சொன்னீங்களாமே?”

மனிதர் முகம் வெளுத்துவிட்டது. “நானா? உண்மைய சொல்லிடறேம்மா, எனக்கு நாயின்னா ஆவாது. சின்னதுல கெண்டக்கால்ல கடிச்சிச்சி. பந்தல்ல நாய் வாணாம்னு சொன்னேன், அது வாஸ்தவம். பின்னால கட்டிப்போடுவீங்கன்னு நெனச்சேன். இதுக்கா மாப்பிள்ளை ஊசியும் மருந்தும் எடுத்துக்கினு கெளம்பினாரு?”

கேட்டுக்கொள், எபி. அவர் கேட்டது ஒரு கயிறு. நீ கொடுக்கப் போனது ஓர் உயிர். மாமனாருக்கு மரியாதை செய்ய வேண்டியதுதான், அதற்காகக் கேட்டதற்கு மேல் அள்ளிக் கொடுக்காதே. புது மாப்பிள்ளைகளுக்கு வருகிற வியாதி இது. உன் நைனாவுக்கும் வந்தது. என் அப்பா ‘மழை வரும்போலிருக்கிறது’ என்று சும்மா சொன்னதற்கு, மனிதர் ராத்திரியோடு ராத்திரியாக எங்கள் வீட்டுக் கூரையில் ஏறி ஓடு மாற்றப்போய் அடுப்பங்கரைக்குள் விழுந்தார்.

பாகாலா தாண்டியதும் பூசணிக்குக் கோணி புழுங்கிவிட்டது போலிருக்கிறது. மெள்ள ஊர்ந்து வெளியே வந்தாள். கண் தெரியாதவளுக்கு எந்த ஆண்பிள்ளைக் காலும் உன் நைனா கால்தான். நேரே போய்ச் சம்பந்தியின் பூட்ஸ் மேல் தாடையை வைத்துப் பெருமூச்சு விட்டுத் தூங்கிவிட்டாள். மனிதர் மரமாகிவிட்டார். “கடிக்குமாம்மா?” என்றார் உதட்டை அசைக்காமல். “பல்லு கெடையாது. எனக்கும் கெடையாது, நாங்க ரெண்டு பேருமே கடிக்கமாட்டோம்” என்றேன். சந்திரகிரி வந்தது. கொடி காட்ட வேண்டும். அவர் ஒரு காலைத் தரையை விட்டு எடுக்காமல், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வில்லாக வளைந்து, உடம்பு பூராவும் வெளியே நீட்டிக் கொடியை ஆட்டினார். ஸ்டேஷன் மாஸ்டர் அவருக்கு வலிப்பு என்றே நினைத்திருப்பார். தாடை அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் வாசகர்கள் அங்கே இல்லையே. நொண்டிக் காளைக்குப் பின்னால், மடி வீங்கிய எருமைக்கு முன்னால், வரிசையில் நின்றேன். எருமைக்காரர் என் கோணியை எட்டிப் பார்த்து, “முசலி குக்கம்மா, பாவம்” என்று கிழட்டு நாய்க்குத் தெலுங்கில் பரிதாபப்பட்டுத் நிழலில் இருந்த தன் இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். நீ தலை நிமிர்ந்தாய், என்னைப் பார்த்தாய், உன் காது சிவந்தது.

“அம்மா, இன்னாம்மா இது? ஊட்டுக்கு வந்திருக்கக் கூடாதா?”

“ஊட்டுக்கு வந்தா நீ புள்ள. இங்க வந்தா டாக்டரு. எனக்கு டாக்டரு வேணும்.”

நீ அவளை மேஜைமேல் ஏற்றச் சொன்னாய். கட்டியை அழுத்தினாய். அவள் கத்தினாள். அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை; வீட்டில் அந்த இடத்தை நாங்கள் யாரும் அழுத்துவதில்லை. அப்புறம் நீ செய்ததை நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். அவளை மேஜையிலிருந்து இறக்கினாய், காக்கி நிஜாரோடு சாணித் தரையில் உட்கார்ந்தாய், அவள் விலாவில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாய். வரிசை, எருமை, கம்பவுண்டர் எல்லாம் உனக்கு இல்லாமல் போயிற்று. கடிதம் எழுதின பிள்ளையை நான் பெற்றேனா என்று சந்தேகமாயிருந்தது, இந்தப் பிள்ளையை நிச்சயமாக நான்தான் பெற்றேன்.

“வலிக்குதும்மா” என்றாய். “இப்ப தாங்கற வலி. சோறு துன்னுதா?”

“துன்னுது. கருவாட்டுக் கொழம்புன்னா ரெண்டாம் வாட்டியும் கேக்குது.”

“தாங்காத நாளு ஒண்ணு வரும். அப்ப வெச்சிக்கினு இருக்கக் கூடாது.”

“எப்ப வரும்?”

“அது சொல்ல முடியாது.”

“கல்யாணத்துக்கு முந்தின வியாழக்கிழமைன்னு எழுதினியே, அது எந்த வெட்னரி புத்தகத்துல கீது?”

நீ எழுந்துபோய் மருந்து அலமாரியைத் திறந்தாய். வலி அடங்க ஒரு மருந்துப் புட்டியும், எத்தனை சொட்டு என்ற கணக்கும் கொடுத்தாய். வாங்கிக்கொண்டேன். கொடுத்துவருகிறேன். ராத்திரியில் முனகுவது குறைந்திருக்கிறது. ஆனால் அந்தக் கத்தல் என் காதைவிட்டுப் போகவில்லை என்பதையும் உனக்குச் சொல்ல வேண்டும். நீ சொன்ன நாள் வரத்தான் போகிறது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். மூப்பரும் படித்துக்கொள்ளட்டும், என் பதிலுக்குக் காத்திருக்கிற மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்: நாள் வந்தால் நானே என் மடியில் பிடித்துக்கொள்வேன். பாவம் சேர்ந்தால் என் கணக்கில் சேரட்டும். இத்தனை வருஷம் சிலேட்டுக் குச்சி திருடின பிள்ளைகளை அடித்த பாவம் இருக்கிறது, அதோடு இதுவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த நாள் எது என்று யார் சொல்வது என்பதுதான் மிச்சம். நீ சொல்லக்கூடாது, உனக்குப் பந்தல் இருக்கிறது. உன் நைனா சொல்லமாட்டார், அவருக்கு முருங்கைப் பூச்சி இருக்கிறது. கருவாட்டுக் குழம்பு வைத்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், தூக்கும்போது அந்தச் சத்தம் மறுபடி வந்தால், நான் சொல்வேன். சித்தூர் தபாலாபீஸிலிருந்து உனக்குத் தந்தி வரும். ‘வா’ என்று மட்டும் இருக்கும். நீ எந்த எருமையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் கம்பவுண்டரிடம் விட்டுவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு, அடுத்த வண்டியில் ஏற வேண்டும். கல்யாணத்துக்கு முன்பானாலும் சரி, பின்பானாலும் சரி. சித்தூர்க் கோயிலில் கல்யாணம் நடக்கிற காலைவேளையிலேயே அவளுக்கு அந்த நாள் வந்துவிட்டாலும், நீ கழுத்து மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். அன்றைக்குப் போய் ‘சாயங்காலம் பார்க்கலாம்’ என்று நீ சொல்லக்கூடாது. உன் சௌகரியத்துக்காக அவள் முன்னாலும் போகக்கூடாது, உன் சௌகரியத்துக்காக ஒரு மணி நேரம் பின்னாலும் கிடக்கக்கூடாது. இவ்வளவுதான் நான் கேட்பது.

அதிகம் கேட்கிறேன் என்று நினைக்கிறாயா? சம்பந்தி வீட்டிலும் கேட்டுவிட்டேன். அன்றைக்குத் திருப்பதி ரயில்வே குவார்ட்டர்ஸில், அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. வண்டி இல்லாத நேரமானால் கூட்ஸிலாவது உன்னை ஏற்றிவிடுவதாகச் சம்பந்தி சொன்னார். சொல்லும்போது பூட்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நீ கட்டிக்கொள்ளப் போகிற சுகிர்தத்தை அடுப்பங்கரையில் பிடித்து, “மாப்பிள்ளை நடுவுல எழுந்து போவவேண்டி வந்தா இன்னா பண்ணுவே?” என்று கேட்டேன். அந்தப் பெண் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு நிதானமாக, “போய்ட்டு வரட்டும் அத்தை. வர்ற வரைக்கும் சபையைக் கீர்த்தனை பாடிக்கினு இருக்கச் சொல்றேன். வராம இங்கயே நின்னாருன்னாத்தான் எனக்கு யோசனை” என்றாள். நீ அவளைக் கொண்டாடி வைத்துக்கொள். அவளுக்கு ஒரு நாள் ஏதாவது வலித்தால், எந்தக் கிழமை வலிக்கலாம் என்று அவளிடம் சொல்லாதே.

ஆகமொத்தம் எல்லாரும் வாக்குக் கொடுத்துவிட்டார்கள், நீ ஒருவன்தான் கொடுக்கவில்லை. உன் கல்யாண அறிவிப்பை வழக்கப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசிக்கிறார்கள். இந்தப் பத்திரிகை உன் கைக்கு வரும்போது இரண்டு முடிந்திருக்கும். மூன்றாவது தடவையும் போதகர், ‘இவர்கள் விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லலாம்’ என்று வாசித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாகச் சபையைப் பார்த்துக் கொஞ்சம் நிறுத்துவார். அந்த இடத்தில் பெற்ற தாயே எழுந்து நின்றதாகச் சித்தூர்ச் சபையில் இதுவரைக்கும் கிடையாது. என் முழங்கால் எழும்ப நேரமாகும் என்று தைரியமாயிருந்துவிடாதே. முதல் மணி அடிக்கும்போதே எழ ஆரம்பித்துவிடுவேன். சனிக்கிழமைத் தபாலில் உன் வாக்கு வந்துவிட்டால், உட்கார்ந்தபடியே ஆமென் சொல்லுகிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்